ஜொவிட்டாவின் கீழ்க்குரல்

அநியாயம் நடந்தது ஜொவிட்டா ரொட்ரிகோவுக்கு. செய்தவர்கள் முத்துக்கரை மெல்லிசைக் கலைஞர்கள் சங்கத்தார். ஒன்றே முக்கால் மணி நேரம் மேடையில் அவள் வாசித்த கீழ்ஸ்தாயி பேஸுக்கு, ஒரு பேஸ் கிட்டாரைக் கழுத்தில் மாட்டி அதன் கேபிளின் மறுமுனையைத் தன் பேண்ட் பாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு அவள் பக்கத்தில் சும்மா நின்ற லாட்வினைக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் ஒரு அதிசயம் வருகிறது, அதைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு இந்த அநியாயத்தை நீங்கள் மறந்துவிடக்கூடும், எங்கள் ஊர் மறந்த மாதிரி.

ஜொவிட்டா எங்கள் தெருக்காரி, உப்புக் குடோன் தெரு, என்னைவிட இரண்டு வயது மூத்தவள். பிரிஸ்டோ அண்ணன் நடத்துகிற 'கடலோசை' மெல்லிசைக் குழுவில் ஆறு வருடமாகக் கிட்டார் வாசிக்கிறாள். சங்கத்தின் ஆண்டுப் போட்டிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது குழுவின் பேஸ் கிட்டார்காரன் டெல்வினுக்குக் கப்பலில் வேலை கிடைத்து அவன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டான். பிரிஸ்டோ அண்ணன் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். ஜொவிட்டா பேசாமல் ஒரு ஆக்டேவ் பெடலை வாங்கிவந்து அவர் காலடியில் வைத்தாள்.

உள்ளங்கை அகல இரும்புப் பெட்டி அது. காலால் மிதித்தால், நீங்கள் வாசிக்கிற ஸ்வரத்தோடு அதே ஸ்வரத்தை ஒரு ஸ்தாயி கீழே, அல்லது மேலே, சேர்த்துப் பாடும். அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் அவள் கையில் அது அந்த அளவில் நிற்கவில்லை. விரல்கள் எத்தனை கம்பிகளை ஒன்றாகத் தொட்டாலும் அவற்றில் ஆகக் கீழே இருக்கும் ஸ்வரத்தை மட்டும் பிடித்துக்கொள்ளும்படி பெடலைத் திருகிவைத்து, நேர்ச்சத்தத்தைக் கிட்டார் ஆம்ப்ளிஃபயருக்கும் கீழ்ச்சத்தத்தைப் பேஸ் ஆம்ப்ளிஃபயருக்கும் பிரித்து அனுப்பி, பெருவிரலால் பேஸும் மற்ற விரல்களால் ரிதமுமாக இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாகச் செய்தாள். மாதா பாட்டு வந்தால் மேல் ஸ்தாயியையும் கீழ் ஸ்தாயியையும் ஒருசேரத் திறந்துவிட்டு, கம்பியைத் தட்டும் ஓசை வெளியே தெரியாதபடி சுண்டுவிரலால் வால்யூமை மெல்ல மெல்ல ஏற்றி, கோயில் ஆர்கன் ஒன்று மேடைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறதோ என்று ஜனங்களை எட்டிப் பார்க்க வைத்தாள். கல்யாணப் பாட்டு வந்தால் மேல் ஸ்தாயியோடு ஒரு கரகரப்பைக் கலந்து கம்பியை வழுக்கி வழுக்கி இழுத்து நாகஸ்வரம் ஊதினாள். தவில் வேண்டுமென்றால் உள்ளங்கையால் கம்பிகளை அமுக்கிப் பிடித்துத் தட்டி, அந்தத் தட்டலைக் கீழே இறக்கி, முன்வரிசையில் இருந்தவர்களின் வயிற்றுக்குள் அடித்தாள்.

"எல்லாம் சரிதாம்ட்டி" என்றார் பிரிஸ்டோ அண்ணன். "ஆனா மேடையில பேஸ் கிட்டாரப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஆளு நிக்கணும்."

"எதுக்கு? சத்தம் வருதுல்லா?"

"சத்தம் வரும். ஆளு இல்லேன்னா ஜனங்களுக்குக் கேக்காது."

அப்படித்தான் அவருடைய மச்சினன் லாட்வின், ஐஸ் கம்பெனியில் கட்டி உடைக்கிறவன், ஜிகினாச் சட்டை போட்டு, டெல்வின் விட்டுப்போன பேஸ் கிட்டாரைக் கழுத்தில் மாட்டி, கேபிளைப் பாக்கெட்டுக்குள் விட்டு, கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டு மேடையேறினான். எங்கள் பக்கத்துக் குழுக்களில் இது ஒன்றும் புதிதல்ல, மேடையில் நான்கு பேர் வாசித்தால் ஒருவர் நிற்பார். ஆனால் நின்றவருக்குக் கேடயம் கொடுத்தது அன்றைக்குத்தான்.

சிறந்த பேஸ் கிட்டார்காரன் என்று அறிவிப்பு வந்ததும் லாட்வின் கொஞ்சம் கூச்சப்பட்டான் என்றாவது நான் எழுத ஆசைப்படுகிறேன். படவில்லை. வாங்கி முத்தமிட்டான். அப்போது ஜொவிட்டா இரண்டடி முன்னால் வந்து, மைக் இல்லாமலே, சபை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்: "அது நான் வாசிச்சது."

அவள் அதைச் சொன்னபோது, அவள் குரலுக்கு அடியில், அதே சொற்களை அதே நேரத்தில் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு குரல் சொன்னது. பெடல் அணைந்திருந்தது, ஆம்ப்ளிஃபயர்களின் வயரைப் பையன்கள் சுருட்டத் தொடங்கியிருந்தார்கள், கிட்டார் உறைக்குள் போயிருந்தது. கீழ் ஸ்தாயி மட்டும் அவளை விட்டுப் போகவில்லை. ஏன், எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். மழை பெய்தால் உப்பளத்துக்காரர்கள் ஏன் பெய்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, உப்பை மூடப் பார்ப்பார்கள். எங்கள் ஊரும் அப்படித்தான், கேட்ட குரலை எந்த ஆணின் தலையில் கவிழ்க்கலாம் என்று பார்த்தது.

"யாருல பேசுனது?" என்றது கூட்டம்.

"லாட்வின்தான்! அவனே சொல்லுதாம்லா, அது நான் வாசிச்சதுன்னு!"

கைதட்டினார்கள். லாட்வின் இரண்டு பக்கமும் பார்த்தான். பிறகு நெஞ்சில் கை வைத்துக் குனிந்து, "ஆமா, நான்தான்" என்றான். ஜொவிட்டாவின் மேல்குரலும் கேட்டதே, அதை யாரும் கேட்கவில்லையா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்டது. ஓடுகிற ஃபேனின் சத்தம் எல்லார் காதிலும் விழுகிறது, யாராவது அதற்குப் பதில் சொல்கிறார்களா?

மறுநாளிலிருந்து ஊர் பழகிக்கொண்டது. அவள் வாயைத் திறந்தபோதெல்லாம் கீழ்க்குரல் கூடவே வந்தது. ரேஷன் கடையில் ஜொவிட்டா "எடை குறையுது, மறுபடி நிறுங்க" என்றால், எத்தனையோ வருடமாக அந்தச் சொல்லைக் காதில் போடாத கடைக்காரர் பதறி எழுந்து, அவளுக்குப் பின்னால் மண்ணெண்ணெய்க் கேனோடு நின்ற ஆளைப் பார்த்து, "கோவப்படாதீங்க அண்ணாச்சி, இதோ நிறுத்துத் தாறேன்" என்பார். கேன்காரரும், தனக்குச் சம்பந்தமே இல்லாவிட்டாலும், "ம், பாத்துப் போடும்" என்பார். பஸ்ஸில் அவள் "காலை எடுங்க" என்றால் உரசிக்கொண்டு நின்றவன் அவளுக்கு அந்தப்பக்கம் தூங்குகிற கிழவரிடம் மன்னிப்புக் கேட்டு இறங்கிப்போவான். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் அவள் முதல் வாசகம் வாசித்தாள், மெழுகுவர்த்தி ஏற்றப் பக்கத்தில் வந்த கோயில்பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, "என்ன வளமான குரல் ஓய் உமக்கு, இத்தன நாளு எங்க ஒளிச்சு வச்சிருந்தீரு?" என்று பங்குமக்கள் ஒன்றரை மணி நேரம் புகழ்ந்தார்கள், அவரும் அடுத்த வாரத்திலிருந்து தொண்டைக்கு மிளகுப்பால் குடிக்கத் தொடங்கினார். கல்யாணத் தரகர் ஒருவர் அவள் வீட்டுக்கே வந்து, "பொண்ணு ஒத்தையில பேசாது, எப்பமும் ஒரு ஆம்பளத் துணையோடதான் பேசும்னு சொல்லியாச்சு, மாப்பிள்ளை வீட்டுக்கு அந்த அடக்கம் ரொம்பப் பிடிச்சுப்போச்சு" என்றார்.

படித்தவர்கள் வேறு மாதிரி என்று நான் நம்பினேன். சமூகவியல் முதுகலை இரண்டாம் வருடம் படிப்பவள், நம்பாமல் என்ன செய்வேன்? எங்கள் துறையில் 'பொதுவெளியில் பெண்குரல்' என்று ஒரு கருத்தரங்கம் நடந்தது, ஜொவிட்டாவையும் கூட்டிப்போனேன். அவள் எழுந்து, "பெண்கள் பேசுறதில்லைன்னு ஒரு மணி நேரமாச் சொல்லுதீங்க, பேசுனதை யாரு கேட்டான்னு எங்கயாவது கணக்கெடுத்திருக்கீங்களா?" என்று கேட்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆழமான கேள்வி என்றார். பிறகு அவள் அருகில் புரொஜக்டர் வயரை மாற்றிக்கொண்டிருந்த ஆளிடம் திரும்பி, "நீங்க எந்தத் துறை தம்பி? பிஎச்டி பண்றீங்களா?" என்றார். அந்தத் தம்பி "எலக்ட்ரிக்கல் சார்" என்றது. அரங்கம் சிலிர்த்தது. பிற துறைக்காரர்களுக்கு இருக்கும் அக்கறையைப் பாருங்கள் என்று பேராசிரியர் எங்களைக் கடிந்துகொண்டார். நான் எழுந்து கத்தினேன். கத்தியதால் எனக்கு உணர்ச்சிவசப்படும் சுபாவம் என்று பெயர் வந்தது, அது இப்போதும் இருக்கிறது.

எங்கள் தெருப் பெண்கள்தான் முதலில் இதன் உபயோகத்தைக் கண்டுபிடித்தார்கள். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து ஒரு வாரமாகக் கரண்ட் இல்லை, மனுக் கொடுத்துக் கொடுத்துக் கால் ஓய்ந்துபோயிருந்தது. என் அம்மாவும் ஆறேழு பேரும் ஜொவிட்டாவை அழைத்துக்கொண்டு கரண்ட் ஆபீசுக்குக் கிளம்பினார்கள், கூட நிறுத்த ஒரு ஆண் வேண்டுமே என்று தேடினால் எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஜவுளிக்கடை ரெபேக்காள் தன் கடை வாசலில் இருந்த பொம்மையைத் தூக்கிவந்தாள், கட்டம்போட்ட அரைக்கைச் சட்டை மாட்டிய பொம்மை, கழுத்தோடு முடிகிற வகை, தலை கிடையாது. அதை ஜொவிட்டாவின் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள கரண்ட் வரணும்" என்றாள் ஜொவிட்டா.

அதிகாரி நாற்காலியிலிருந்து எழுந்தார். "உக்காருங்க சார்" என்றார் பொம்மையிடம். "டீ சொல்லட்டுமா?"

மத்தியானம் மூன்றரைக்குக் கரண்ட் வந்தது. தெருவே ஆரவாரம் செய்தது. தலையில்லாத ஒன்றுக்கு டீ வருகிறது, தலையுள்ள எட்டுப் பெண்கள் நிற்கிறார்கள், இதில் ஆரவாரம் எங்கிருந்து வருகிறது என்று அம்மாவிடம் சண்டை போட்டேன்.

"ஃபேன் ஓடுதுல்லா? அதுக்குக் கீழ உக்காந்து சண்ட போடு" என்றாள் அம்மா.

"ஓடுது. யாரு கேட்டு ஓடுது?"

"யாரு கேட்டா என்னட்டி? ஒரு வாரமா மாவாட்ட முடியாம கெடந்தது நீயா நானா?"

நான் எழுந்துபோய் ஃபேனை அணைத்தேன், அம்மா மறுபடி போட்டாள். அதன்பிறகு தண்ணீர் லாரிக்கு, பட்டாவுக்கு, பள்ளிக்கூடத்தில் இடத்துக்கு என்று ஜொவிட்டாவும் பொம்மையும் போகாத ஆபீஸ் இல்லை. ஊருக்கெல்லாம் காரியம் நடந்தது. அவள் காரியம் ஒன்றே ஒன்று, அது மட்டும் நடக்கவில்லை.

அந்தக் காரியம் கார்டு. தை முதல் தேதியிலிருந்து சங்கத்தின் கார்டு இல்லாதவர்கள் எந்த மேடையிலும் ஏறக்கூடாது என்று தீர்மானம் போட்டிருந்தார்கள். கார்டில் பெயரும் போட்டோவும் கருவியின் பெயரும் இருக்கும். லாட்வினுக்கு, கேடயம் இருப்பதால், சோதனை வைக்காமலே 'பேஸ் கிட்டார்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். பெண்களுக்கு ஒரே கார்டுதான், 'பாடகி'.

"பாடகி கார்ட வாங்கிக்கோ" என்றார் பிரிஸ்டோ அண்ணன். "பாட வேண்டாம். எப்பமும் போல நீ வாசி, லாட்வின் பக்கத்துல நிக்கட்டும். இதுல உனக்கு என்ன கொறஞ்சு போச்சு?"

"அப்பம் சாகுற வரைக்கும் அவன் பாக்கெட்டுக்குள்ளதான் நான் வாசிக்கணும்" என்றாள் ஜொவிட்டா. அவள் சொன்னதைக் கேட்டு பிரிஸ்டோ அண்ணன் லாட்வினைப் பார்த்து, "நீ ஏம்ல வருத்தப்படுத?" என்றார்.

பத்திரிகைக்கு எழுதுவோம், கோர்ட்டுக்குப் போவோம், சங்கத்து வாசலில் உட்காருவோம் என்று நான் அவளிடம் வரிசையாகச் சொன்னேன். அவள் பெடலின் பேட்டரியை மாற்றிக்கொண்டே கேட்டுவிட்டு, "இசக்கி, நீ ஜெயிக்கணும்னு நெனைக்க. எனக்கு வாசிக்கணும். எம் பேருல வாசிக்கணும். சோதனைக்கு எழுதிக் குடுத்திருக்கேன், கூட வாறியா?" என்றாள்.

போனேன். சவுண்ட் சர்வீஸ் கடைக்கு மேல் மாடியில் சங்கத்தின் அறை. ஐந்து ஆண்கள், ஐந்து நாற்காலிகள். நடுவில் தலைவர் குருபாதம், ஒரு காலத்தில் மேண்டலின் வாசித்தவர், விரல் கம்பியில் பட்டுப் பதினோரு வருடம் ஆயிற்று. மேசையில் குனிந்தபடி செயலாளர் பொன்பாண்டி. சங்கத்தின் வழக்கம் என்னவென்றால், சோதனை முடிந்ததும் தலைவர் வாயால் சொல்வார், செயலாளர் குனிந்த தலை நிமிராமல் கார்டில் எழுதிச் சீல் வைப்பார். சீல் விழுந்த கார்டைத் திருத்துவது சங்கத்தில் கிடையாது, திருத்தினால் தலைவர் வாய் தவறியவர் என்று ஆகிவிடும்.

அறையில் வேலை செய்கிற பிளக் ஒன்றே ஒன்று, தலைவரின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அதனால் ஜொவிட்டா அவர் தோளோரம் நின்று வாசிக்க வேண்டியதாயிற்று. பொம்மையை நாங்கள் கொண்டுபோகவில்லை, அவள் வேண்டாம் என்றுவிட்டாள். வாசித்தாள். பேஸ் நடந்தது, அதன்மேல் ரிதம் நடந்தது, ஆர்கன் எழுந்தது, நாகஸ்வரம் வந்தது, கீழே கடையில் ஸ்பீக்கருக்குப் பிசின் தடவிக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுப் படியேறி வந்து வாசலில் நின்றார்கள். கமிட்டிக்காரர் ஒருவர் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தார். இன்னொருவர் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார். அவள் கால் பெடலின் மேல் இருக்கிறது, அவள் பெருவிரல் தடித்த கம்பியில் அடிக்கிறது, நான்கு முழம் தூரத்தில், பட்டப்பகலில், டியூப் லைட்டுக்குக் கீழே. அதைப் பார்த்துக்கொண்டே தேடினார்கள்.

"பேஸ் யாரு வாசிக்கா?" என்றார் மேசைக்கடியிலிருந்து எழுந்தவர்.

"நான்தான்" என்றாள் ஜொவிட்டா. கீழ்க்குரலும் சொன்னது, தலைவரின் தோளுக்குப் பக்கத்தில்.

எல்லார் தலையும் தலைவரின் பக்கம் திரும்பியது. "தலைவரா!"

நான் குருபாதத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மனிதன் வெட்கப்படுவதற்கு இவ்வளவு நேரம் போதும், இதோ இப்போது படுவார், இதோ என்று பார்த்தேன். அவருடைய வலதுகை விரல்கள் தொடையின்மேல் மெல்ல அசையத் தொடங்கின, இல்லாத கம்பியை மீட்டுவதுபோல. பிறகு கண்ணை மூடினார். "பழக்கம் விடல பாத்தீங்களா" என்றார்.

"அடடா! பதினோரு வருஷம் கழிச்சும் அந்தக் கை!" என்றார்கள். ஒருவர் எழுந்து அவருக்குச் சால்வை தேடினார்.

கத்த வாயைத் திறந்தேன். ஜொவிட்டா என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையசைத்தாள். பிறகு, அவசரமில்லாமல், சொல் சொல்லாகத் தெளிவாக, கண் மூடியிருந்த தலைவரின் தோளோரம் நின்றபடியே அந்த அறையைப் பார்த்துச் சொன்னாள்:

"எழுதும்வே, பொன்பாண்டி. பேரு, ஜொவிட்டா ரொட்ரிகோ. கருவி, கிட்டார். கமா போட்டு, பேஸ் கிட்டார். எழுதியாச்சா? சீல் வையும்."

பொன்பாண்டி தலை நிமிரவில்லை. எழுதினார், போட்டோவை ஒட்டினார், சீலை மையில் தொட்டு வாயால் ஊதி, ஓங்கி வைத்தார். அந்தச் சத்தத்தில்தான் குருபாதம் கண்ணைத் திறந்தார்.

"ஏய், என்னத்தப் போட்ட? யாரு சொன்னா?"

"நீங்கதான தலைவரே."

"நானா?"

"நாங்களும்லா கேட்டோம்" என்றார்கள் மற்ற மூவரும். "இவ்வளவு நேரம் வாசிச்ச களைப்பு தலைவருக்கு."

நான் சொல்லவில்லை என்று அவர் சொன்னால் வேறு யார் சொன்னது என்று வரும், வேறு யார் சொன்னது என்று வந்தால் வேறு யார் வாசித்தது என்று வரும், அதற்குள் சால்வையும் வந்துவிட்டது. சால்வை தோளில் விழுந்த கனத்தில் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா" என்றார். "பொம்பளப் பிள்ளையளுக்கும் ஒரு வாய்ப்புக் குடுக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆச." கமிட்டி கைதட்டியது. வாசலில் நின்ற சவுண்ட் சர்வீஸ்காரர்களும் தட்டினார்கள். முத்துக்கரையின் முதல் பெண் பேஸ் கலைஞரை உருவாக்கியவர் என்று அடுத்த ஆண்டுவிழா மலரில் அவர் படம் முழுப்பக்கம் வரப்போகிறது, இப்போதே சொல்லிவைக்கிறேன்.

ஜொவிட்டா கார்டை மேசையிலிருந்து எடுத்தாள். தன் பெயரை ஒருமுறை படித்தாள், கமாவுக்குப் பின்னால் இருந்த இரண்டு சொற்களை இரண்டுமுறை படித்தாள். கேபிளைக் கழற்றிச் சுருட்டினாள், பெடலைப் பையில் போட்டாள், கிட்டாரைத் தோளில் மாட்டினாள். கதவு வரைக்கும் போய்விட்டோம்.

"என்னம்மா" என்றார் குருபாதம் பின்னாலிருந்து, சால்வையை இழுத்துவிட்டுக்கொண்டு. "உனக்காக மனுஷன் இவ்வளவு தூரம் பேசியிருக்கேன். வாயத் தொறந்து ஒரு நன்றி சொல்லத் தெரியாதா?"

ஜொவிட்டா திரும்பினாள்.

"அதையும் நீங்களே சொல்லிக்கோங்க தலைவரே" என்றாள். "நான் எதச் சொன்னாலும் நீங்க சொன்னதாத்தான ஆகுது."